முரட்டு மீன் தொட்டியில் உயிருள்ள செடி: எது நிற்கும், எது நிற்காது

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் மாதிரி மீன் வளர்க்கிறவர்கள் செடி கேட்டுக் கடைக்குப் போனால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அதுல செடி நிக்காதுங்க, பிளாஸ்டிக் வாங்கிக்கங்க." சேலத்துக் கடைகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. கபோம்பா, லட்விஜியா மாதிரி மெல்லிய தண்டுச் செடியைக் கொண்டுபோய் ஃப்ளவர்ஹார்ன் தொட்டியில் நட்டால் விடிவதற்குள் எல்லாம் மேலே மிதந்துவிடும். ஆனால் அதே தொட்டியில் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற செடிகளும் இருக்கின்றன. அழகையோ விலையையோ பார்த்துச் செடி வாங்கினால் பணம்தான் போகும். உங்கள் மீன் செடியை எந்த விதத்தில் கெடுக்கிறது என்று முதலில் பாருங்கள், அந்த விதத்தில் கெடுக்க முடியாத செடியை வாங்குங்கள். விஷயம் அவ்வளவுதான், மீதியெல்லாம் இதன் விவரங்கள்.

ஒரு வாரம் தொட்டி முன்னால் உட்கார்ந்து கவனித்தாலே உங்கள் மீன் தோண்டுகிற ரகமா, தின்கிற ரகமா, கடித்து உதறுகிற ரகமா என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்றும் சேர்ந்தே செய்கிற மீனும் உண்டு, ஆஸ்கர் அப்படித்தான்.

தோண்டுவதைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஏரியே போதும். கோடையில் தண்ணீர் வற்றும்போது கரையோரச் சேற்றில் தட்டு தட்டாக வட்டக் குழிகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா, முட்டைக்காகப் பறித்த குழிகள் அவை. ஆண் மீன் குழி பறித்து, அந்த இடத்தைத் தன் எல்லையாக்கி, வேறு ஆண் வந்தால் விரட்டும். ஜிலேபி, சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. அமேசான் பகுதியிலிருந்து வந்த ஆஸ்கர், 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கிய ஃப்ளவர்ஹார்ன், மத்திய அமெரிக்காவின் கான்விக்ட், ஆப்பிரிக்காவின் ஜுவல், எல்லாமே அதே குடும்பம்தான். அதனால் தொட்டியில் ஜோடியே இல்லாமல் தனியாக இருக்கிற ஃப்ளவர்ஹார்ன்கூட வாயில் கல்லை அள்ளி அள்ளி மூலையில் கொண்டுபோய்த் துப்பிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் வேர் பிடித்த செடி ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். மீனுக்குச் செடி மேல் கோபம் எதுவும் கிடையாது, செடி அது தோண்டுகிற இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தின்கிறது வேறு கதை. மலாவி ஏரியின் முபூனா மீன்கள், நம் கடைகளில் ஆப்பிரிக்கன் சிக்லிட் என்று கலந்து விற்கிறார்களே அவற்றில் பல, பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழ்கிறவை. பச்சையாகவும் மென்மையாகவும் எது இருந்தாலும் அவற்றுக்குச் சாப்பாடுதான். ஆஸ்கரோடு சேர்த்து வளர்க்கிற சில்வர் டாலர் இன்னும் மோசம், சாதுவாகத் தெரியும், ஆனால் செடியைத் தண்டு வரைக்கும் மேய்ந்துவிடும். சக்கர் மீன் அமேசான் ஸ்வார்ட் மாதிரி அகன்ற இலையின் மேல் ஒட்டிக்கொண்டு சுரண்டிச் சுரண்டி இலையைச் சல்லடையாக்கிவிடும்.

மூன்றாவது, கடித்து உதறுவது. புதிதாக எது தொட்டிக்குள் வந்தாலும் அதை எல்லை மீறி வந்ததாகவே இந்த மீன்கள் எடுத்துக்கொள்ளும். முதல் சில நாள் தாக்குதல் அதிகமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். அந்தச் சில நாளைத் தாங்குகிற செடி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

முரட்டு மீன் என்று பெயர் வாங்கிய எல்லாமே செடிக்கு எதிரி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபைட்டர் மீன் இன்னொரு ஆண் ஃபைட்டரைக் கண்டால் பாயும், ஆனால் செடியைத் தொடாது, அதன் தொட்டியில் எந்தச் செடியையும் வைக்கலாம். அரவானாவும் செடியைக் கண்டுகொள்ளாது. டைகர் பார்ப் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்குமே தவிர, மிக மெல்லிய இலைகளை லேசாகக் கொறிப்பதோடு சரி.

சரி, செடிக்கு வருவோம். ஒரே ஒரு செடிதான் வாங்க முடியும் என்றால் அனுபியாஸ் வாங்குங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைச் செடி இது. இலை கெட்டியாக, தோல் மாதிரி இருக்கும். சேனை, கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு இவற்றின் குடும்பம்தான் இதுவும். சரியாக வேகாத கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பதற்குக் காரணம் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்கிற ஊசிப் படிகங்கள், இந்தக் குடும்பத்துச் செடிகளில் பரவலாக இருப்பவை. அதனால் ஒரு வாய் கடித்துப் பார்க்கிற மீன் பெரும்பாலும் இரண்டாவது வாய் வைக்காது.

அதைவிட முக்கியம், அனுபியாஸுக்கு மண்ணே வேண்டாம். இஞ்சித் துண்டு மாதிரி பச்சையாக ஒரு தண்டு படுக்கையாக ஓடும், மேலே இலை, கீழே வேர். இந்தக் கிழங்குத் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். புதிதாக வளர்க்கிறவர்களிடம் அனுபியாஸ் சாவதற்கு மீனைவிடப் பெரிய காரணம் இதுதான். அதைக் கல்லிலோ கட்டையிலோ கட்டி வைத்தால் போதும், வேர் தானாக இறங்கிப் பற்றிக்கொள்ளும். மண்ணில் இல்லாத செடியை மீன் எப்படித் தோண்டி எடுக்கும்? தோண்டுகிற மீனுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

கடையில் அனுபியாஸை எடுக்கும்போது இலையை மட்டும் பார்க்காதீர்கள். சின்னச் சட்டியில், பஞ்சுக்குள் வைத்து விற்பார்கள். பஞ்சை விலக்கச் சொல்லி, அந்தத் தண்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். நல்ல செடி என்றால் விறைப்பாக இருக்கும், விரலுக்கு அமுங்காது. எங்கேயாவது கொழகொழவென்று அமுங்கினால், பழுப்பாக இருந்தால், முகர்ந்தால் சாக்கடை வாசனை வந்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், மேலே இலை எத்தனை பச்சையாக இருந்தாலும் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அழுகின பகுதியைச் சுத்தமான பிளேடால் நல்ல பச்சை தெரிகிற வரைக்கும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை வளர்க்கலாம். மூன்று நான்கு இலையோடு இருக்கிற சின்னத் துண்டுகூடத் தனிச் செடியாகிவிடும். மீன் முட்டி மோதி உடைத்தாலும் அப்படித்தான், உடைந்த துண்டைத் தூக்கிப் போடாமல் இன்னொரு கல்லில் கட்டுங்கள்.

கட்டுவதற்கு நிறையப் பேர் தையல் நூல் சொல்வார்கள். சாதுவான மீன் தொட்டிக்கு அது சரி. ஆஸ்கர் தொட்டியில் வேர் பிடிப்பதற்கு முன்னாலேயே பருத்தி நூல் இற்றுப்போகும், அதற்குள் செடியும் கையோடு வந்துவிடும். தூண்டில் நரம்பு நல்லது, முடிச்சு போட்டதும் நுனியை ஒட்ட வெட்டிவிடுங்கள், தளர்வான வளையத்தில் மீன் மாட்டிக்கொள்ளக் கூடாது. இன்னும் சுலபமான வழி ஃபெவிக்விக் ரகப் பசைதான், சயனோஅக்ரிலேட் என்று அட்டையில் போட்டிருக்கும். ஜெல்லாகக் கிடைத்தால் இன்னும் வசதி. கல்லையும் தண்டின் அடிப்பக்கத்தையும் துணியால் துடைத்து, ஒரு சொட்டு வைத்து, அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும். தண்ணீரில் போட்டதும் பசை வெள்ளையாகப் பூத்துத் தெரியும், பயப்பட வேண்டாம், இறுகின பசை மீனை ஒன்றும் செய்யாது.

அனுபியாஸுக்கு அடுத்தது ஜாவா ஃபெர்ன். தென்கிழக்கு ஆசியாவின் பெரணி இது, இதற்கும் கிழங்குத் தண்டுதான், இதையும் புதைக்கக் கூடாது, கல்லில் கட்ட வேண்டும். இலை கசக்கும் என்பதால் தின்கிற மீனும் அவ்வளவாகத் தொடாது. கொஞ்ச நாளில் இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரியும், நோய் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள், அது பெரணிகளுக்கு இயல்பான வித்துப் புள்ளிதான். பழைய இலையின் நுனியில் குட்டிச் செடி வேரோடு முளைத்து நிற்கும், அதை மெதுவாகக் கிள்ளி வேறு கல்லில் வைத்தால் செடிக்குச் செடி இலவசம். ஒரு நல்ல ஜாவா ஃபெர்ன் கிடைத்தால் அப்புறம் கடைக்கே போக வேண்டியதில்லை. இதே வழியில் கட்டி வளர்க்கிற ஆப்பிரிக்கப் பெரணி போல்பிடிஸும், போர்னியோவின் பூசபெலாண்ட்ராவும் உண்டு. போல்பிடிஸ் நல்ல நீரோட்டம் இருந்தால் அருமையாக வரும். பூசபெலாண்ட்ரா விலை அதிகம், வளர்ச்சி மிக மெதுவு, ஃப்ளவர்ஹார்ன் தொட்டிக்கு அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண்ணில் நடுகிற செடி வேண்டவே வேண்டும் என்கிறவர்களுக்கு வாலிஸ்னேரியா. நீளநீளமாக நாடா போல இலை விடும், ஓடுதண்டு விட்டுப் பரவும், நம் நாட்டுக் குளங்களிலேயே வளர்கிற செடி. சேலத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிறோமே. பல நாசூக்கான செடிகளுக்கு அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, வாலிஸ்னேரியாவுக்கு ஒத்துக்கொள்ளும், காரணம் தண்ணீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தே தனக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளத் தெரிந்த செடி அது. முபூனா மீனும் கடினத் தண்ணீர் கேட்கிற மீன் என்பதால் தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தொட்டிக்குப் பொருந்தும். ஆனால் இதை வைக்கிற முறை முக்கியம். மீனை விடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னாலேயே நட்டு வேர் பிடிக்க விடுங்கள். மீன் ஏற்கெனவே இருக்கிறது என்றால் சின்ன மண் சட்டியில் நட்டு, மேலே மீன் வாயில் அள்ள முடியாத அளவுக் கூழாங்கற்களை நெருக்கமாக அடுக்கி, சட்டியோடு தொட்டிக்குள் இறக்குங்கள். கிரைனம் ரகங்களும் இப்படி வைக்கலாம், வெங்காயம் போன்ற கிழங்கும் தடித்த இலையும் உள்ளவை. கிரிப்டோகோரைன் வேர் நன்றாகப் பிடித்தபின் அசையாது, ஆனால் இடம் மாற்றினாலே இலையெல்லாம் கரைந்து திரும்ப முளைக்கிற சுபாவம் அதற்கு, அடிக்கடி தோண்டுகிற மீன் இருக்கிற இடத்தில் அது தேறுவது கஷ்டம்.

தொட்டிக்குள்ளேயே இல்லாத செடி ஒன்று இருக்கிறது, ஃப்ளவர்ஹார்னுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். மணி பிளாண்ட். வீட்டு வாசலில் பாட்டிலில் வளர்கிறதே, அதேதான். கணுவோடு நாலைந்து துண்டு வெட்டி, தனி டம்ளரில் வேர் விடும் வரை வைத்திருந்து, அப்புறம் தொட்டியின் பின்பக்க விளிம்பில் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி மாட்டுங்கள். இலை தண்ணீருக்குள் போகக் கூடாது, அழுகும். பெரிய மீன் நிறையக் கழிவு போடும், அந்தக் கழிவு கடைசியில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் சேரும், தண்ணீரை மாற்றித்தான் அதை வெளியேற்றுகிறோம். மணி பிளாண்ட் காற்றிலிருந்து கார்பன்டைஆக்சைடை எடுத்துக்கொண்டு வேகமாக வளர்வதால் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். தண்ணீர் மாற்றும் வேலை போய்விடும் என்று நினைக்க வேண்டாம், ஆனால் இரண்டு மாற்றத்துக்கு நடுவில் தண்ணீர் நன்றாக இருக்கும். ஆஸ்கர் வேரைப் பிடித்து இழுத்தால் சின்ன பிளாஸ்டிக் கூடைக்குள் வேரை விட்டு மாட்டுங்கள். இதுவும் அரிக்கிற குடும்பம்தான், அதனால் குழந்தைகள் இலையைக் கடிக்காத உயரத்தில் இருக்கட்டும்.

கல் எது என்று யாரும் யோசிப்பதில்லை, ஆனால் யோசிக்க வேண்டும். கருங்கல் போதும், சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மேக்னசைட் சுரங்கப் பக்கம் கிடக்கிற அழகான வெள்ளைக் கல்லை எடுத்து வருகிறவர்கள் உண்டு. சுண்ணாம்புக் கல் கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும் என்பதால், அதுவா என்று பார்க்க வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று சோதிப்பார்கள், மேக்னசைட்டும் கார்பனேட்தான் என்றாலும் குளிர்ந்த நிலையில் அது சட்டென்று நுரைக்காது, அதனால் அந்தச் சோதனையை நம்பி ஒரு வெள்ளைக் கல்லைத் தேற விடாதீர்கள். செடி கட்டின கல்லை மணல் மேல் வைக்காமல், முதலில் அடிக்கண்ணாடியில் மெல்லிய தெர்மாகோல் அட்டை போட்டு அதன் மேல் கல்லை வைத்து, அப்புறம் சுற்றிலும் மணலைப் போடுங்கள். மணல் மேல் வைத்தால் மீன் அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடி விரிசல் விடும் அல்லது மீன் நசுங்கும்.

கட்டைக்கும் ஒரு எச்சரிக்கை. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பிடுங்கிப் போட்ட காபிச் செடியின் வேர்க்கட்டையைப் பார்த்து ஆசைப்படுவார்கள், வளைந்து நெளிந்து உண்மையிலேயே அழகாக இருக்கும். ஆனால் காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பார்கள், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது அது. மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மீனுக்கும் ஆகாது, செடிக்கும் ஆகாது. எந்தத் தோட்டத்தில் எவ்வளவு அடித்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? கடையில் தொட்டிக்கென்றே விற்கிற கட்டையை வாங்கி ஊறவைத்துப் போடுவதே நல்லது.

உப்பு விஷயமும் சொல்ல வேண்டும். ஃப்ளவர்ஹார்ன் வளர்க்கிறவர்கள் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரு பிடி கல்லுப்பு போடுவது வழக்கமாகிவிட்டது. ஜாவா ஃபெர்ன் கொஞ்சம் உப்பைத் தாங்கும், அனுபியாஸும் ஓரளவு சமாளிக்கும், மெல்லிய செடிகள் பல நலிந்துவிடும். மீனுக்கு நோய் இல்லாதபோது உப்பே தேவையில்லை என்பது என் கருத்து. தாமிரம் கலந்த மருந்து போட வேண்டி வந்தால் செடியைக் கல்லோடு தூக்கி வேறு வாளியில் வைத்துவிடலாம், கட்டி வளர்ப்பதில் இது ஒரு பெரிய வசதி.

வெளிச்சம் அதிகம் தேவையில்லை. இந்தச் செடிகள் மெதுவாக வளர்கிறவை, ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் சாதாரண எல்.இ.டி. விளக்கு போதும். அதற்கு மேல் போட்டால் அனுபியாஸ் இலையில் கறுப்பும் பச்சையுமாகப் பாசி படியும். கார்பன்டைஆக்சைடு சிலிண்டர் எல்லாம் இந்தத் தொட்டிக்கு வீண் செலவு. உரமும் பெரும்பாலும் மீனே போட்டுவிடும்.

வெயில்தான் நம் ஊரில் பெரிய பிரச்சினை. ஏப்ரல், மே மாதங்களில் சேலம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மாடி வீட்டுத் தொட்டித் தண்ணீர் கொதிக்காத குறைதான். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், ராத்திரியில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அதனால் செடி இருக்கிறதே என்று ஏர் பம்பை நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாக ராத்திரியில். ஏற்காட்டில் இதற்கு நேர் எதிர். சுமார் 1,500 மீட்டர் உயரம், மார்கழிக் குளிரில் சிக்லிட் மீனுக்கு ஹீட்டர் கட்டாயம். மீனுக்குத் தேவையான 25, 26 டிகிரியில் மீன், செடி இரண்டுமே சுகமாக இருக்கும். ஃப்ளவர்ஹார்ன் கண்ணாடி ஹீட்டரை மோதி உடைக்கும், மேலே பிளாஸ்டிக் கூண்டு மாட்டுங்கள்.

முபூனா மாதிரி தின்கிற மீனுக்கு இன்னொரு வழி, வேறு பச்சையைக் கொடுத்துவிடுவது. பாலக் கீரையை வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்து, கல்லில் கட்டி இறக்குங்கள். ஸ்பைருலினா கலந்த தீனியும் நல்லது. வயிறு நிறைந்த மீன் செடியைக் குறைவாகவே சீண்டும்.

ஒன்றுக்கு மேல் சிக்லிட் வளர்க்கிறவர்களுக்குச் செடியால் இன்னொரு நன்மை உண்டு, அலங்காரத்தைவிடப் பெரியது. சண்டை பெரும்பாலும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருப்பதால் வருகிறது. நடுவில் உயரமான கல்லும் அதில் அடர்த்தியாக ஜாவா ஃபெர்னும் இருந்தால் பார்வை மறையும், துரத்துகிற மீன் பாதியில் விட்டுவிடும், துரத்தப்பட்ட மீனுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். புதுச் செடி வைக்கிற அன்றைக்கே கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கிவிடுங்கள். பழைய எல்லை அடையாளங்கள் கலைந்து, எல்லா மீனும் புது இடத்தைப் பழகுவதில் மும்முரமாக இருக்கும்போது செடி மேல் கவனம் குறையும்.

கடையில் ஏமாற வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஒன்று: லக்கி பேம்பூ மாதிரி தரைச் செடிகளையும் தண்ணீர்ச் செடி என்று முழுக்க மூழ்கவைத்து விற்பார்கள். இலை தண்ணீருக்கு வெளியே இருந்தால் அது வளரும், மூழ்கினால் மெல்ல அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஏரியிலிருந்து ஹைட்ரில்லா அள்ளி வந்தால் தட்டான் பூச்சியின் புழு, நத்தை, அட்டை எல்லாம் கூடவே வரும். படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, சில நாள் தனி வாளியில் வைத்துப் பார்த்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள். முபூனாவுக்கும் சில்வர் டாலருக்கும் அதைத் தீனியாகவே போடலாம்.

கழித்துப் போடுகிற செடியை மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். ஆகாயத்தாமரை ஏரியை மூடினால் என்ன ஆகும் என்று நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், தொட்டியிலிருந்து போன சக்கர் மீனும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. வெட்டின இலையையும் தண்டையும் மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, பூந்தொட்டி மண்ணில் போட்டுவிடுங்கள். தொட்டியிலிருந்து எடுக்கிற பழைய தண்ணீரையும், உப்போ மருந்தோ போடாதது என்றால், அதே பூந்தொட்டிக்கு ஊற்றலாம்.